ஒரு முடி கீழே

பெல்லார்மின் தன் மனைவி மெட்டில்டாவைக் கடைசியாக உயிரோடு பார்த்தது சந்தியாகப்பர் கோயில் திருவிழாவன்று, மாலை நான்கு மணி வெயிலில், மேடைமேல் பேஸ் கிட்டாரோடு நின்றபடி. இரவுக் கச்சேரி வைத்தால் ஆண்பிள்ளைகள் குடித்துவிட்டு நாற்காலியால் அடித்துக்கொள்கிறார்கள் என்று அந்த வருடம் பங்குச்சாமியார் கச்சேரியைப் பகலுக்கு மாற்றியிருந்தார். சிப்பிமுனை ஊர் முழுக்கத் தலையில் துண்டும் முந்தானையுமாக மணலில் உட்கார்ந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பாட்டுக் கேட்டது. மூன்று வயதுப் பெனிலா தூங்கிவிட்டிருந்தாள். மெட்டில்டா பிள்ளையைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு எழுந்து, இன்னும் எத்தனை பாட்டு என்று கையால் கேட்டாள். அவனுக்கு இரண்டு கையும் கம்பியில் இருந்ததால் புருவத்தை நான்கு தரம் உயர்த்திக் காட்டினான். அவள் சிரித்தாள். குடையைப் பிள்ளையின் தலைக்கு மட்டும் சாய்த்துப் பிடித்துக்கொண்டு கொடிமரத்தைத் தாண்டிப் போனாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு நெஞ்சில் ஒரு வால்வு சரியில்லை என்பது அவனுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். அது இன்றைக்கு என்று மட்டும் யாருக்கும் தெரியாது.

மூன்றாவது பாட்டு நடந்துகொண்டிருக்கும்போது மெட்டில்டாவின் அண்ணன் ஸ்டனிஸ்லாஸ் மேடை ஓரத்துக்கு ஓடிவந்து, "மாப்ள, இறங்கும்" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

அந்த நொடியில் பெல்லார்மின் இரண்டாவது தடித்த கம்பியை, விரல் எதையும் அழுத்தாமல் திறந்தபடி, மீட்டியிருந்தான். பேஸ் கிட்டார் வாசிக்கிறவனுக்குக் கம்பியைப் பேசவைப்பது பாதி வேலை, அதை நிறுத்துவது மறுபாதி. சுரம் முடிந்ததும் உள்ளங்கை கம்பிமேல் வந்து உட்கார வேண்டும், இல்லாவிட்டால் அது அடுத்த சுரத்தின் காலை இடறிவிடும். பதினோரு வருடம் அதைத் தவறாமல் செய்தவன் அன்றைக்குச் செய்யவில்லை. வாரைக் கழற்றி, கிட்டாரை ஸ்பீக்கர் பெட்டியில் சாய்த்துவிட்டு, குதித்து ஓடினான். வீட்டு வாசற்படியில் கதவு நிலையில் முதுகைச் சாய்த்து மெட்டில்டா உட்கார்ந்திருந்தாள். மடியில் பிள்ளை இன்னும் தூங்கிக்கொண்டிருந்தது. மேடையிலிருந்து அந்தச் சுரம் அங்கேவரை வந்துகொண்டிருந்தது. அவள் இல்லை.

ஸ்பீக்கரில் சாய்த்த கிட்டார் தன் சத்தத்தைத் தானே கேட்டு ஓயாமல் முனகுவது வழக்கம்தான். ஆகவே கீபோர்டு வாசிக்கிறவரும் குழுவின் தலைவருமான தாசையன் பதறாமல் போய் ஒலியைக் குறைத்தார். அது குறையவில்லை. ஒயரைப் பிடுங்கினார். ஜெனரேட்டரை அணைக்கச் சொன்னார். உள்ளங்கையைக் கம்பிமேல் வைத்தார். கம்பி அசையாமல் செத்துக் கிடந்தது, சுரம் மட்டும் ஓயாமல் ஒலித்தபடி நின்றது. "என்னடே இது" என்று கொஞ்ச நேரம் காத்துப் பார்த்துவிட்டு, வண்டி திரும்பவேண்டியிருந்ததால், ஒயரைச் சுருட்டத் தொடங்கினார்.

மறுநாள் அடக்கத்தின்போதும் அது ஒலித்துக்கொண்டே நின்றது. பெண்கள் ஒப்பாரி எடுக்கும்போது சுருதி தயாராக இருந்ததால் அதிலிருந்தே எடுத்தார்கள், நன்றாகத்தான் இருந்தது. பதினாறாம் நாளுக்குள் பாதிப்பேர் அதை மறந்துபோனார்கள், மீதிப்பேர் அதற்கு வேலை கொடுத்துவிட்டார்கள். கடலில் மூட்டம் இறங்கினால் ஆண்கள் இஞ்சினை நிறுத்திவிட்டு, படகின் பக்கவாட்டுப் பலகையில் காதை ஒட்டினார்கள்; கரை எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்துப் பலகை கனமாக முனகும், அப்படியே திருப்பிக்கொண்டு வந்துவிடுவார்கள். மீன் ஏலம் விடுகிறவன் அந்தச் சுரத்தில் நின்றுதான் கூவினான். சாமியார் ஆர்மோனியத்தைத் துணி போட்டு மூடிவிட்டு அதைப் பிடித்தே பூசைப் பாட்டை எடுத்தார். குடத்துத் தண்ணீரில் எந்நேரமும் ஒரு வளையம் ஓடிக்கொண்டிருந்தது, அந்த வளையம் இல்லாத தண்ணீரைப் பழைய தண்ணீர் என்று பெண்கள் கீழே ஊற்றினார்கள். மின்சாரத் துறையிலிருந்து இரண்டு பேர் டிரான்ஸ்பார்மரைச் சந்தேகப்பட்டு வந்து, ஊர் முழுக்கச் சுற்றி, இளநீர் குடித்து, 'சத்தம் உள்ளது' என்று எழுதிக்கொண்டு போனார்கள். வெளியூரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பெண்கள் முதல் மூன்று மாதம் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார்கள்; அதற்குப் பிறகு பிறந்த வீட்டுக்குப் போனால் தூக்கம் வராமல் இரண்டாம் நாளே திரும்பினார்கள். வளைகுடாவில் வேலைக்குப் போனவர்கள் போன் செய்தால், பேசி முடித்த பிறகு, "செத்த நேரம் ஜன்னலுக்கு வெளிய பிடி" என்று கேட்டார்கள். பிறந்த குழந்தைகள் அழுவதற்கு முன்னால் ஒரு நொடி அந்தச் சுரத்தை முனகிப் பார்த்துவிட்டு, பிறகு அழுதார்கள். காது சுத்தமாகக் கேட்காத ஊர்த் தலைவர் கஸ்பார்கூட, செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் நின்று, "இன்னைக்கு நல்லா இருக்கு" என்பார்.

பெல்லார்மின் ஐஸ் கம்பெனியில் ஐஸ் பாளம் உடைக்கிற வேலைக்குப் போனான். தாசையன் கொண்டுவந்து கொடுத்த கிட்டாரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். ஒன்பது வருடம் அதைத் தொடவில்லை.

ஊரில் ஒருவருக்கும் தெரியாத ஒன்று அவனுக்கு மட்டும் தெரியும். அந்தச் சுரம் சரியில்லை. அன்றைக்குக் காலையில் கோயிலின் சாமான் அறையில், நிழலில் உட்கார்ந்து சுருதி சேர்த்திருந்தான். மாலை வெயிலில் மேடையேறியதும் கம்பி சூட்டில் தளர்ந்து, சுரம் ஒரு முடி அளவு இறங்கிவிட்டது. ஒவ்வொரு வருடமும் இரவிலேயே வாசித்துப் பழகியவனுக்குத் திரும்பச் சேர்க்கவேண்டும் என்று தோன்றவில்லை. ஒரு முடி என்றால் ஒரு முடிதான், கச்சேரியில் யாரும் கண்டுபிடிக்க முடியாதது. ஆனால் ஓயாமல் நிற்கிற சுரத்தில் ஒரு முடி என்பது நாள் முழுக்கக் கண்ணுக்குள் கிடக்கிற மணல். அவன் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் யாராவது சரிசெய்யச் சொல்வார்கள். மெட்டில்டா கடைசியாகக் கேட்டது அந்தச் சுரம். அது எப்படி இருந்ததோ அப்படியே இருக்கட்டும் என்று ஒன்பது வருடம் அதற்குள்ளேயே எழுந்து, அதற்குள்ளேயே சாப்பிட்டு, அதற்குள்ளேயே படுத்தான்.

பெனிலாவுக்குப் பன்னிரண்டு வயதானபோது நகரத்துப் பெரிய கோயிலின் பாடகர் குழுவுக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டாள். தேர்வானால் அங்கேயே தங்கிப் படிக்கலாம், பாடலாம். மூன்று மாதம் அவள் வேறு எதுவும் பேசவில்லை. அவள் குரல் அப்படிப்பட்ட குரல்: வலை பின்னுகிறவர்கள் ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். பெல்லார்மின் அவளைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனான். இசைப் பொறுப்பில் இருந்த சிஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், மறுபடியும் பாடச் சொன்னார், இன்னொரு பாட்டையும் பாடச் சொன்னார், பிறகு பெல்லார்மினைத் தனியாக அழைத்தார்.

"இப்படி ஒரு குரல நான் கேட்டதில்ல. ஆனா எந்தச் சுருதியில குடுத்தாலும் ஒரு முடி கீழ வந்து நிக்கிறா. அவளுக்கு அது தெரியவே இல்ல. முப்பது பேரோட நின்னு பாடும்போது இது எல்லாரையும் கீழ இழுத்துரும். அடுத்த வருசம் கொண்டு வாங்க. ஆனா, வருத்தப்படாதீங்க, இது பொதுவா மாறாது."

பஸ்ஸில் பெனிலா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். பாதி தூரத்தில் சொன்னாள்: "நான் சரியாத்தான்ப்பா பாடுதேன். அவங்க எல்லாருந்தான் மேல போறாங்க."

சிப்பிமுனை நெருங்கியதும் அந்தச் சுரம் பஸ்ஸின் தகரத்தில் ஏறியது. பிள்ளை அதைக் கேட்டுக் கண்ணை மூடி, தரையில் கால் பட்டவள்போல மூச்சு விட்டாள். அதைப் பார்த்த இடத்தில்தான் பெல்லார்மின் முடிவு செய்தான். வீட்டுக்குப் போனதும் கட்டிலுக்கு அடியிலிருந்து கிட்டாரை இழுத்து எடுத்து, அதன்மேல் இருந்த ஒட்டடையைத் துடைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று, "அந்தச் சத்தத்த நான் தொடப்போறேன்" என்றான். பெரிய கூச்சல் எழுந்தது.

"நிறுத்தப்போறீரா?" என்றான் ஸ்டனிஸ்லாஸ். இரண்டு வருடம் முன்பு புயல் மூட்டத்தில் ஆறு பேரோடு அந்தச் சத்தத்தைப் பிடித்துக் கரை சேர்ந்தவன். "நிறுத்திப் பாரும். உம்ம விரல் அஞ்சையும் ஒடிச்சு உம்ம சட்டைப் பையிலேயே போடுதேன்."

"நிறுத்தல மச்சான். ஏத்தப்போறேன்."

"எவ்வளவு?"

"ஒரு முடி."

மீன்காரி புளோறம்மா எழுந்து, "ஒரு முடிக்கா கூட்டம் போட்டீரு? எங்க வீட்டுச் சோத்துல தினம் ரெண்டு கெடக்கு" என்றாள். சிரிப்பு அடங்க நேரமானது. பெல்லார்மின் சிரிக்கவில்லை. வெயிலில் கம்பி தளர்ந்ததையும், அந்தத் தவறில் ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரின் தொண்டையும் படிந்துபோனதையும், நகரத்தில் சிஸ்டர் சொன்னதையும் சொன்னான். பேசிப் பழகாதவன் அவ்வளவு நேரம் பேசியதால் கூட்டம் கேட்டது. கஸ்பாருக்கு அவர் மகன் எல்லாவற்றையும் உள்ளங்கையில் எழுதிக் காட்டினான். கஸ்பார் யோசித்தார். "கடலுக்குப் போறவனுக்கு இடைஞ்சல் வந்தா அன்னைக்கே விட்டுரணும். மத்தபடி அவன் விட்ட சத்தம், அவன் எடுக்கட்டும்" என்றார். ஸ்டனிஸ்லாஸ் யாரையும் பார்க்காமல் எழுந்து போய்விட்டான்.

ஒன்பது வருட உப்புக்காற்றில் கிட்டாரின் கழுத்து வில்லாக வளைந்திருந்தது. கழுத்துக்குள் ஓடும் இரும்புத் தண்டை, நாளைக்குக் கால் திருகு, அதற்குமேல் இல்லை, மரம் பழகட்டும் என்று, பதினெட்டு நாளில் நிமிர்த்தினான். விரல் அழுத்தும் இடத்தில் பதித்திருந்த உலோக மெட்டுக்களில் பச்சை பிடித்திருந்ததை உப்புத்தாளால் தேய்த்து, ஒன்றுபோல் உயரம் வரும்வரை அரத்தால் ராவினான். கம்பியைத் தாங்கும் சின்னக் குதிரைகளை முன்னும் பின்னும் நகர்த்தி, கம்பியின் சரிபாதியில் அழுத்தினாலும், அழுத்தாமல் தொட்டு மீட்டினாலும் ஒரே சுரம் வரும்படி செய்தான். மெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு தபால் அட்டை நுழையும், இரண்டு நுழையாது என்று வைத்தான்.

பழைய கம்பிகள் துருவில் அற்றுப்போயிருந்ததால், பிறகு நகரத்திலிருந்து புதுக் கம்பி வாங்கிவந்து போட்டு மீட்டினான். எவர்சில்வர் டம்ளர் கீழே விழுந்ததுபோல் கேட்டது. ஊரில் நின்ற சுரம் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது பழைய கம்பியில் பிறந்தது. வியர்வையும் தூசியும் ஏறி, பளபளப்பு செத்து, தொண்டையிலிருந்து பேசுகிற கம்பி. ஆகவே அவன் புதுக் கம்பிகளைக் கழற்றி, மத்தி மீன் எண்ணெயைத் தடவி, துணி காயப்போடும் கொடியில் கடற்காற்றுக்கு நேராக நாற்பது நாள் தொங்கவிட்டான்.

"கருவாடு போடுதீரா?" என்றாள் புளோறம்மா, கூடையோடு போகும்போது.

"ஆமா மைனி."

"உப்பு பத்தாது. நல்லா பிரட்டிப் போடும்."

அவள் சொன்னதையும் செய்தான். நாற்பத்தொன்றாம் நாள் கம்பிகளைத் துடைத்துப் பூட்டியபோது அவை வேண்டிய அளவுக்குச் செத்திருந்தன.

அடுத்தது விரல். கம்பிகள் வந்து முடியும் பாலத்துக்குப் பக்கத்தில் மீட்டினால் சத்தம் பல்லைக் காட்டும் என்பதால் கழுத்துப் பக்கம் நகர்ந்து, நகம் படாமல், விரலின் சதையால் மீட்டி, மீட்டிய விரல் அடுத்த கம்பியில் போய் ஓய்வெடுக்கும்படி பழகினான். ஊர்ச் சுரம் மூச்சு விடாதது. அதன்கூடப் போகிறவனும் மூச்சு விடக்கூடாது, ஒரு மீட்டு ஓய்வதற்குள் அடுத்தது எழவேண்டும், நடுவில் தையல் தெரியக்கூடாது. ஆட்காட்டி விரல் வலுவானது, நடுவிரல் கொஞ்சம் சோம்பேறி, இரண்டும் மாறிமாறி வரும்போது சத்தம் நொண்டியது. பெனிலாவை முதுகைக் காட்டி உட்காரச் சொல்லி, "இப்ப எந்த விரல்?" என்று கேட்பான்.

"ஆள்காட்டி."

"இப்ப?"

"நடு. அப்பா, எத்தன நாளைக்கு இது? எனக்குப் போரடிக்கி."

"உனக்குத் தெரியாமப் போற வரைக்கும்."

இரண்டு மாதம் அவள் தவறாமல் சொன்னாள். ஒருநாள் யோசித்தாள். அதற்கடுத்த வாரம், "தெரியலப்பா" என்றாள். அவளுக்கே அதில் ஒரு ஆச்சரியம் இருந்தது.

சுரத்தோடு சுரம் சேர்க்கத் தொடங்கிய நாட்களில்தான் ஊருக்குச் சிரமம் தெரிந்தது. இரண்டு சுரம் ஒட்டாமல் அருகருகே நின்றால் நடுவில் ஒரு துடிப்பு எழும், ஊவ், ஊவ், ஊவ் என்று. விலகினால் வேகமாகும், நெருங்கினால் மெதுவாகும், ஒன்றானால் நின்றுவிடும். பெல்லார்மின் கடற்கரையில் பழைய ஆம்ப்ளிஃபயரை வைத்து, விடிந்ததிலிருந்து வேலைக்குப் போகும்வரை, அந்தத் துடிப்பைத் துரத்தினான். குடத்து வளையங்கள் குழம்பின. கோழிகள் முட்டையை நின்றபடி போட்டு உடைத்தன. கர்ப்பிணிகளுக்குத் தலைசுற்றியது. ஒரு காலையில் துடிப்பு மெலிந்து, மெலிந்து, நின்றது. அவன் சுரமும் ஊர்ச் சுரமும் ஒன்றாயின. அது தன் கைக்குள் வந்து நிற்பதை, கயிற்றின் மறுமுனையில் மாடு நிற்பதை உணர்வதுபோல், உணர்ந்தான். ஆசை தாங்கவில்லை. இடது கையால் கம்பியின் முறுக்காணியைத் திருப்பினான்.

துருப்பிடித்த முறுக்காணி. திருப்பினான், ஒன்றும் ஆகவில்லை. இன்னும் திருப்பினான், ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒரேயடியாகத் துள்ளியது. ஊர்ச் சுரம் உதறிக்கொண்டு பழைய இடத்துக்கே ஓடியது. எழுந்த துடிப்பில் கோயில் ஜன்னலில் ஒரு கண்ணாடி நீளவாட்டில் விரிந்தது. அன்றைக்குக் கடலில் மூட்டம்; பலகையில் காதை வைத்திருந்தவர்களுக்குக் கரை இரண்டு பக்கமும் கேட்டது. ஸ்டனிஸ்லாஸின் படகு நீருக்கடியில் கிடந்த பாறைப் பாரில் மோதி, முன்பக்கம் பிளந்தது. ஆட்கள் நீந்தி வந்தார்கள்.

ஸ்டனிஸ்லாஸ் நனைந்த துணியோடு நேராக வந்தான். கிட்டாரைப் பெல்லார்மினின் கழுத்திலிருந்து கழற்றி, தோளில் போட்டுக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விட்டான். ஊரும், போதும் என்றது.

பெல்லார்மின் மறுநாள் காலையிலும் கடற்கரைக்கு வந்தான். உடைந்த துடுப்பு ஒன்றில் தடித்த தூண்டில் நரம்பை இழுத்துக் கட்டி, சத்தமே இல்லாத அதில் பழகினான். முறுக்காணி உதவாது என்று தெரிந்துவிட்டது, அது படியில் ஏறுகிறது. அவனுக்கு வேண்டியது படியில்லாத ஏற்றம். எல்லாவற்றிலும் தடித்த கம்பியில் ஐந்தாவது மெட்டில் அழுத்தினாலும் அதே சுரம் வரும். அழுத்திய விரலாலேயே கம்பியைப் பக்கவாட்டில் வளைத்தால் சுரம் முடிக்குள் முடியாக ஏறும். ஆனால் அந்தக் கம்பி கடப்பாரை. வளைத்து இரண்டு நிமிடத்தில் விரல் நடுங்கியது, நடுக்கம் சுரத்துக்குள் போகும், போனால் அது உதறிவிடும். துடுப்பில் ஒரு வாரம் வளைத்தான். மோதிர விரல் பிளந்து, காய்ந்து, திரும்பப் பிளந்தது.

எட்டாம் நாள் ஸ்டனிஸ்லாஸ் வந்து பக்கத்தில் மணலில் உட்கார்ந்தான்.

"படகுக்காக இல்ல வே. படகு போனா வேற படகு" என்றான். "என் தங்கச்சி கேட்டுட்டுப் போன சத்தம் அது."

"தெரியும்."

"தெரிஞ்சுமா கைய வைக்கீரு?"

"ஒம்பது வருசமா நான் அதுக்குள்ளதான கெடக்கேன், மச்சான். எனக்குத் தெரியாதா?" பெல்லார்மின் விரலில் சுற்றிய துணியை அவிழ்த்து மறுபடியும் சுற்றினான். "நானும் நீரும் கெடக்கலாம். நமக்கு அவளத் தெரியும். பிள்ளைக்கு அம்மா முகமே ஞாபகம் இல்ல. அது எதுக்கு அதுக்குள்ள கெடக்கணும்?"

ஸ்டனிஸ்லாஸ் துடுப்பையும் அதில் வளைந்திருந்த நரம்பையும் பார்த்தான். பார்க்கப் பார்க்க அவனுக்குக் கோபம் வேறு பக்கம் திரும்பியது.

"இது என்ன பிடி? விரலால இழுக்கீரு, அதான் நடுங்குது. கைத்தூண்டில்ல ஒரு பெரிய பாறை மீன் மாட்டினா விரலாலயா பிடிப்போம்? விரல் வெறும் கொக்கி. முழங்கைய விலாவுல ஒட்டும். இன்னும். இப்ப முதுகால இழும். ஆ, அப்படி." அவன் பெல்லார்மினின் தோளைப் பிடித்துக் கீழே அழுத்தினான். "அப்புறம் நீரு அதுகூட மல்லுக்கட்டுதீரு. மீன் இழுத்தா விட்டுக் குடுக்கணும். அது களைச்சு நிக்கும். நின்ன நேரத்துல எடுக்கணும். அரை சாண் குடுத்து ஒரு சாண் எடும். நாள் பூரா இருந்தாலும் கை நடுங்காது."

மாலையில் அவன் கிட்டாரைக் கொண்டுவந்து கொடுத்தான். விரலில் போட்டுக்கொள்ள, கயிறு இழுக்கிறவர்கள் போடுகிற சைக்கிள் டியூப் துண்டையும் கொடுத்தான். ரப்பர் போட்டால் கம்பி தெரியாது என்று பெல்லார்மின் அதை மட்டும் திருப்பிக் கொடுத்தான். படகுகள் கடலில் இருக்கும் நேரத்தில் வாசிப்பதில்லை என்றும், எல்லாம் கரைக்கு வந்த பிறகு ஒன்பது மணிக்குத் தொடங்குவது என்றும் இருவரும் பேசிக்கொண்டார்கள்; படகு உடைந்தவனே சொன்னதால் ஊரும் சரி என்றது. ஐஸ் கம்பெனியில் வேலையைப் பிற்பகலுக்கு மாற்றிக்கொண்டான்.

எழுபத்துமூன்று நாள் ஆனது. ஒவ்வொரு காலையும் சுரத்தோடு சேர்ந்து, அது கைக்குள் வந்ததும், முழங்கையை விலாவில் ஒட்டி, முதுகால் எடுத்தான். அது இழுத்தால் கொடுத்தான், நின்றால் எடுத்தான். முடியில் நாற்பதில் ஒரு பங்கு, சில நாள் அதுவும் இல்லை, சில நாள் முந்தின நாள் ஏற்றியதும் இறங்கியிருந்தது. அவன் திட்டவில்லை. மறுபடியும் தொடங்கினான். மழையில் தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்து எடுத்தான், காய்ச்சலில் எடுத்தான், பிளந்த விரலில் புளோறம்மா மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியபோது நடுவிரலால் எடுத்தான். ஊருக்கு ஏற்றம் தெரியவில்லை, களைப்பு தெரிந்தது. எல்லோருக்கும் எந்நேரமும் இடுப்பில் நிறைகுடத்தோடு மணல்மேட்டில் ஏறுவதுபோல் ஒரு மூச்சிரைப்பு இருந்தது, மத்தியானம் ஆனால் ஊரே சுருண்டு படுத்துத் தூங்கியது.

பெனிலா பாடுவதை நிறுத்திவிட்டாள். பழைய இடத்தில் தொடங்கினால் ஊர் அங்கே இல்லை. புது இடம் அவளுக்குத் தெரியாது. ஒருநாள் சாப்பிடும்போது, "அப்பா, தரை நகருது" என்றாள்.

"நகரட்டும். பிடிச்சுக்க."

"எதை?"

பெல்லார்மின் தட்டில் இருந்த மீனின் முள்ளை எடுத்துவிட்டு, மீனை அவள் பக்கம் தள்ளினான். தேர்வுக்கு இருபது நாள் இருந்தது.

கடைசி நாளுக்குத் தாசையன் கீபோர்டோடும் பேட்டரியோடும் வந்தார். ஐஸ் பெட்டியின்மேல் கீபோர்டை வைத்து, சரியான சுரத்துக்கு உரிய ஒரே ஒரு கட்டையை அழுத்திப் பிடித்தார். ஊவ் என்று ஒரு துடிப்பு எழுந்து, நெடுநேரம் கழித்து இன்னொன்று எழுந்தது. பெல்லார்மின் கண்ணை மூடி எடுத்தான். துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவில் ஒருவர் ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லிவிடலாம்போல் இருந்தது, பிறகு ஜெபமாலையில் பத்து மணி உருட்டிவிடலாம்போல் இருந்தது. பிறகு எல்லோரும் அடுத்ததற்காகக் காத்திருந்தார்கள். அது வரவில்லை. கடற்கரையில் நின்ற இருநூறு பேரும் கீழே எதையோ தேடுகிறவர்கள்போல் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கஸ்பார் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பார்த்து, "என்னடே மாறிச்சு? ஒண்ணும் மாறலியே" என்றார்.

பெனிலா வாயைத் திறக்காமல் ஒரு சுரத்தை முனகினாள். விழுந்தது. இன்னொரு தரம் முனகினாள். விழுந்தது. மூன்றாவது தரம், யாரோ எட்டிப் பிடித்துத் தூக்கிவிட்டதுபோல், நின்றது.

தேர்வுக்குப் போய்த் திரும்பிய பஸ்ஸில் பெல்லார்மின், "என்ன சொன்னாங்க?" என்று கேட்டான். அவனைக் கதவுக்கு வெளியில் உட்காரவைத்திருந்தார்கள்.

"ஒண்ணும் சொல்லலப்பா. அளவெடுத்தாங்க."

"எதுக்கு?"

"அங்கிக்கு." பெனிலா இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். "எனக்குக் கை நீளமாம்."

பெனிலா நகரத்துக்குப் போன மறுவாரம், ஆளில்லாத வீட்டின் வாசற்படியில், கதவு நிலையில் முதுகைச் சாய்த்து, பெல்லார்மின் உட்கார்ந்து கேட்டான். அது சரியான சுரம். எந்தக் கீபோர்டிலும், எந்த ஊரிலும், யாரும் அழுத்தினால் வருகிற சுரம். மெட்டில்டா கேட்டது அது இல்லை. அவள் கேட்டதைத் தேடி இனி எந்தப் பக்கம் காதைத் திருப்புவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, எழுந்து உலையில் அரிசி போட்டான்.

பிள்ளைகள் ஒரு வாரத்தில் புதுச் சுரத்துக்கு ஏறிவிட்டார்கள். பிள்ளைகளைத் தூங்கவைக்கப் பாடிப்பாடிப் பெண்கள் ஒரு மாதத்தில் ஏறினார்கள். படகுப் பலகை வழியாக எலும்பில் கேட்டவர்கள் முப்பத்துமூன்று பேர், ஸ்டனிஸ்லாஸையும் சேர்த்து, ஏறவில்லை. ஏறச் சொல்லி யாரும் அவர்களைக் கேட்கவும் இல்லை. கடலுக்கே போகாத பெல்லார்மினும் கோயிலில் அவர்களோடுதான் உட்காருகிறான். சிப்பிமுனையில் ஞாயிற்றுக்கிழமை முதல் பூசையில் ஆண்கள் பக்கம் இன்றைக்கும் ஒரு முடி கீழேதான் பாடுகிறது.